வாசலைப் பார்த்து நிற்கும் வண்டி

அந்த அம்மா தன் ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினாலும் வாசலைப் பார்த்துத்தான் நிறுத்துவார். கம்பெனியில், கோயிலில், பேங்க்கில், விருத்தாசலம் பாலக்கரையில் இருந்த என் கடை முன்னால் என்று எங்கேயும் அப்படித்தான். ஐந்து நிமிஷ வேலைக்கு வந்தாலும் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, முழுசாகத் திருப்பி, அதன் மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அதற்குள் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துவிடுவார்கள். "வர்றப்பவே திருப்பிட்டா போறப்ப நிம்மதிங்க" என்று ஹாரன்காரரிடமே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "பேர அச்சுல போட்டுட்டீங்களே, நாளைக்கு வேணாம்னா அழிக்க முடியுமா?" என்று கேட்பார். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி நடத்திய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் ஊர்க்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அந்த அம்மா என்பது போதும்.

அம்மா என்கிறேனே தவிர அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டாயிரத்துகளின் நடுவில் இரண்டு பேரும் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். கணவர் நல்லூர்ப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இவர் பீங்கானில் ஃபியூஸ் கட்டையும், கரண்ட் கம்பி தாங்குகிற இன்சுலேட்டரும் செய்கிற சின்னக் கம்பெனியைப் பார்த்துக்கொண்டார். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். நான் கம்ப்யூட்டர் விற்கிறவன், ரிப்பேர் பார்க்கிறவன். அவர் என்னைக் கடைசி வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கம்ப்யூட்டர்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

எதைச் செய்தாலும் திரும்பி வர வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதுதான் அவருடைய குணம். ஒரு நாள் நான் அவருடைய ஆபீசில் இருந்தபோது ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வாங்கிக்கொண்ட அம்மா, பிரிக்காமலே கேட்டார்.

"ரொம்ப சந்தோஷங்க. அங்கேருந்து கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"முகூர்த்தமே காலைல ஆறு மணிக்குங்க. பகல்லயே திரும்பிடலாம்."

"அது சரிங்க. கடைசி பஸ்ஸு?"

பெண்ணைப் பெற்றவர் திருதிருவென்று விழித்தார். அவருக்குக் கடைசி பஸ் தெரியவில்லை. வெளியே போய் யாருக்கோ போன் போட்டு விசாரித்து வந்து சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அம்மா கேட்டார்.

துணிக்கடையில் புடவை எடுத்தால் ஒரு வாரத்துக்கு அந்த விலைச் சீட்டைக் கிழிக்க மாட்டார். கட்டிக்கொண்டு வந்துவிட்டுச் சீட்டை முந்தானைக்குள் செருகி வைத்திருப்பார். அது ஒரு தடவை ஃபேன் காற்றில் வெளியே வந்து ஆட, செல்வி சுட்டிக்காட்டினாள். செல்வி ஆபீசில் பில் போடுகிற பெண். "கட்டிட்டு வந்தப்புறம் எந்தக் கடையிலம்மா திருப்பி எடுப்பான்?" என்று அவள் கேட்டதற்கு, "எடுக்க மாட்டான்தான். இருந்தாலும் சீட்டு இருக்குதுல்ல" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் புது சிஸ்டம் விற்கப் போனேன்.

அப்போது எனக்கு ஒரு வெறி. ஊரில் ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்த தொண்ணூத்தெட்டு என்ற பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு எக்ஸ்பி என்ற புதுசைப் போட்டுவிடுவது என்று கிளம்பியிருந்தேன். புதுசு வேகமானது, நடுவில் நின்றுபோகாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். யார் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். எல்லாருமே வேண்டாம் என்றார்கள். ஒருவர் ஆடி கழியட்டும் என்றார், ஆவணியில் போனால் புரட்டாசி வரட்டும் என்றார். இன்னொருவர் திரையில் இருக்கிற கொளஞ்சியப்பர் சாமி படம் போய்விடுமே என்று பயந்தார். ஒரு மேனேஜர், "புதுசு போட்டா புது வைரஸ் வரும். பழைய வைரஸு எங்களுக்குப் பழகிப்போச்சு சார்" என்று முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னார். இந்த ஊர் உருப்படாது என்று என் மனைவியிடம் தினமும் புலம்பினேன்.

அந்த அம்மா மட்டும் என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுசாகக் கேட்டார். பிறகு ஆரம்பித்தார்.

"நம்ம லேபிள் புரோகிராம் இதுல ஓடுமா?"

ஒவ்வொரு பெட்டியிலும் எந்தச் சூளையில், எந்த நாள் வெந்த சரக்கு என்று லேபிள் ஒட்டியாக வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதிக் கொடுத்த பையன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அதன் சிடியும் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஓடும்னுதான் நெனைக்கிறேங்க" என்றேன்.

"நெனைக்கிறீங்க. சரி, நம்ம பிரிண்டரு?"

"அதுவும் ஓடணுங்க."

"ஓடணும். சரி, ஓடலன்னா பழசு அப்படியே திரும்ப வருமா? இப்ப இருக்கிற மாதிரியே?"

அழித்துவிட்டுத்தான் புதுசு போடுவோம். மறுபடி பழசைப் போடலாம், ஆனால் அது இப்போது இருக்கிற மாதிரியே இருக்காது. விற்க வந்த இடத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எந்திரிங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அச்சிலிருந்து எடுத்து, இன்னும் சூளைக்குப் போகாத ஃபியூஸ் கட்டைகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பதத்துக்கு அவர்கள் பச்சை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து உடைத்துத் தண்ணீர் வாளியில் போட்டார். "இது நாளைக்குக் காலைல மண்ணு. மறுபடி பெசைஞ்சி வேற கட்ட பண்ணிக்கலாம்." அப்புறம் சுவருக்குப் பின்னால் கைகாட்டினார். வெந்த பிறகு கோணியது, விரிசல் விட்டது, நிறம் மாறியது எல்லாம் கொட்டிக் கொட்டி ஓர் ஆள் உயரத்துக்கு மேடாகிக் கிடந்தது. வெயிலில் வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூச வைத்தது.

"அத எந்தத் தண்ணியில போட்டாலும் மண்ணாகாது. வெந்துட்டா வெந்ததுதான். தெனமும் அந்த மேட்டப் பாத்துக்கிட்டு வேல செய்யிறவங்க நாங்க. உங்க சிஸ்டம் பச்சையா, வெந்ததா? அத மட்டும் சொல்லுங்க."

வெந்ததுதான் என்று ஒத்துக்கொண்டு டீ குடித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் எரிச்சலாக இருந்தது. ஆனால் என் கேள்விக்கு ஆடி மாசம், கொளஞ்சியப்பர் என்று சொல்லாமல் விஷயத்தைப் பேசின ஒரே ஆள் அவர்தான் என்று பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் தோன்றிவிட்டது. அதற்கப்புறம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டருக்குள் மண் தூசி அடைத்த ஃபேனை ஊதிக் கொடுப்பேன். அவர் பழசிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஆரம்பித்து வர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். "அதுக்குள்ள நாமும் ஒரு டீ குடிச்சிடுவோம், நஷ்டமில்ல" என்பார்.

பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து நெருக்கடி வந்தது. அவருடைய சரக்கில் பாதிக்கு மேல் வாங்குகிற பெரிய கம்பெனி, இனி ஆர்டர், பில், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் இன்டர்நெட்டில் தங்கள் வெப்சைட் பக்கத்தில் ஏற்றினால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் பழைய சிஸ்டத்தில் திறக்கவே இல்லை. ஏற்றாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகும். ஆர்டர் போனால் சூளை அணையும். சூளை அணைந்தால் அங்கே இருந்த பெண்கள் எல்லாம் வேறு வேலை தேட வேண்டும். அம்மா என் கடைக்கு வந்தார். வழக்கம்போல வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அன்றைக்கு ஹாரன் அடித்தவனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிடுங்க. பழசு பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

"அது நடக்காதுங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எல்லாரும் பழசுலதான் உக்காருவாங்க. புதுசு மேல துணி போத்தி வச்சிருப்பாங்க. அவங்கள என்னா சொல்றது, நானே பழசுலதான் உக்காருவேன்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "திரும்பி வர வழி வேணும். ஆனா அது கண்ணு முன்னாடி இருக்கக் கூடாது. அப்படி ஏதாவது உண்டா?"

உண்டு. பழசு முழுவதும் உட்கார்ந்திருந்த ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே கழற்றி எடுத்துவிட்டு, வேறு புது டிஸ்க் போட்டு அதில் புது சிஸ்டம் ஏற்றலாம். லேபிள் புரோகிராமை அதில் நகல் எடுத்துப் பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் பழைய டிஸ்க்கை மாட்டினால் போதும், ஒரு தூசி மாறாமல் பழசு எழுந்து வரும். இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இத மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே பண்ணியிருப்பனே!" என்றார். செய்திருக்க மாட்டார். ஆனால் நான் வாதாடவில்லை.

ஒரு திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் வைத்து, டிஸ்க்கைக் கழற்றினேன். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பேக்கிங் பகுதிக்குப் போனார். அங்கே பொறுப்பு அஞ்சலையுடையது. அன்று அஞ்சலை வரவில்லை. இன்னொரு பெண்ணிடம், "உடையக் கூடாது, நல்லா கட்டு" என்று கொடுத்தார். அவள் பேப்பர் சுற்றி, வைக்கோல் அடைத்து, கம்பெனி அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, சணல் கட்டிக் கொடுத்தாள். சென்னை வரைக்கும் குலுங்கினாலும் ஒன்றும் ஆகாத கட்டு. அம்மா அதைத் தன் பீரோ மேலே வைத்தார்.

புது சிஸ்டம் வந்தது. சென்னைக் கம்பெனியின் வெப்சைட் பக்கம் திறந்தது. செல்வி ஆர்டரை ஏற்றினாள். லேபிள் புரோகிராமும் திறந்தது. லேபிள் அடிக்காமல், பிரிண்டரில் சும்மா ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பார்த்தேன், அதுவும் வந்தது. செவ்வாய்க்கிழமை லாரிக்கு வேண்டிய லேபிள்களைப் பழசிலேயே அடித்து வைத்திருந்ததால் அந்தச் சரக்கு தடங்கலில்லாமல் கிளம்பியது. நான் கடைத்தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. போனேன். அன்று மாலை லாரிக்கு லேபிள் அடிக்கப் போனால் புரோகிராமிலிருந்து எழுத்து வராமல் பிரிண்டர் புள்ளியும் கோடுமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. புது முறையில் ஏற்றிய முதல் ஆர்டர் அது. லேபிள் இல்லாமல் போனால் இறக்க மாட்டார்கள். முதல் ஆர்டரே தவறினால் அடுத்தது வராது என்று சென்னையில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா பதறவில்லை. "அதான் வழி இருக்குதே. பழச எடுத்து மாட்டுங்க" என்று நாற்காலி போட்டு ஏறி பீரோ மேலே பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

ஆபீசே தேடியது. சத்தம் கேட்டு அஞ்சலை வந்தாள். விஷயம் கேட்டதும் முகமெல்லாம் பெருமை.

"அந்தப் பொட்டியாம்மா? நேத்து லாரி ஏத்தறப்ப பாத்தேன், இங்க ஒண்ணு வுட்டுப்போயிருந்திச்சி. நாந்தான் மிச்சமிருந்த லேபிள ஒட்டி, ஓடிப்போயி ஏத்தி வுட்டேன். நல்லவேள நான் பாத்தேன்!"

கட்டின பெட்டி பொழுது சாய உள்ளே தங்கக் கூடாது. அந்தக் கம்பெனியின் சட்டம் அது. கட்டிவிட்டால் சரக்கு, சரக்கென்றால் லாரி. அந்தச் சட்டத்தைப் போட்டது அம்மாவேதான். அஞ்சலை பதினைந்து வருஷமாக அதைப் பிசகாமல் காப்பாற்றி வந்தவள்.

சென்னை குடோனுக்குப் போன் போட்டோம். எல்லாப் பெட்டியையும் இறக்கி அடுக்கியாகிவிட்டது, எது எங்கே இருக்கிறதென்று பிரிக்கும்போதுதான் தெரியும் என்றார்கள். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்தார். செல்வி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். விஷயம் புரிந்த அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் வண்டியைத் திருப்பி நிறுத்தியவர், ஒரே ஒரு தடவை நம்பி முன்னால் போனார், அன்றைக்கென்று பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அவர் ஜன்னல் வழியாக அந்த வெள்ளை மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"சரி, வெந்துடுச்சி" என்றார். "பச்சையா இருந்தா கரைக்கலாமான்னு பாக்கலாம். வெந்ததுக்கப்புறம் பாக்கறதுக்கு என்னா இருக்குது? கம்ப்யூட்டர்காரரே, இத வச்சித்தான் பொழைக்கணும். வேலையப் பாருங்க. செல்வி, மூஞ்சியக் கழுவிக்கிட்டு வா. அஞ்சலை, எல்லாருக்கும் டீ சொல்லு. நீ பண்ணது ஒண்ணும் தப்பில்ல, நான் சொன்னதத்தான் பண்ணியிருக்கிற."

அதற்கப்புறம் அவர் என் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை, மணி பார்க்கவில்லை, ஆகுமா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. லேபிள் வராவிட்டால் கையால் எழுதி ஒட்டி, சென்னைக்கு லாரியிலேயே தானும் போய் விளக்கம் சொல்லிக்கொள்வதாகப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்காததை நான் கவனித்தேன்.

நான் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். கடைசியில், பிரிண்டரின் சொந்தப் பெயரை விட்டுவிட்டு வேறொரு பழைய பிரிண்டரின் பெயரைச் சிஸ்டத்திடம் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை மாறியது தெரியாமல் அது நம்பிவிட்டது. கிரீச் கிரீச் என்று அந்தப் பிரிண்டர் கத்திக்கொண்டு முதல் லேபிளைத் துப்பியது. அந்தச் சத்தத்துக்கு ஒரு கூட்டம் கைதட்டி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். லாரி வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டது.

சில வாரம் கழித்து, சென்னையில் வேண்டாமென்று கழித்த சரக்கோடு அந்தப் பெட்டியும் திரும்பி வந்தது. சென்னைக்காரர்கள் பிரித்துப் பார்த்து மறுபடி மூடி, மேலே ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். "அளவு பொருந்தவில்லை. நிராகரிக்கப்படுகிறது." அதைப் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நம்ம கம்பெனிக்கு இத்தன வருஷத்துல வந்த ரிஜெக்ஷன்லயே நியாயமானது இதான்" என்றார்.

மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாங்க. பாத்து, ஓடலன்னா? இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாதான் நான் முன்னாடி போவேன். மேலயே இருக்கட்டும்."

பிரிக்காமலே பீரோ மேல் வைத்து, பெட்டியின் நான்கு பக்கமும் மார்க்கர் பேனாவால் பெரிசாக எழுதினார்: ஏத்தக் கூடாது.

இரண்டாயிரத்துப் பத்து நெருங்குகிற சமயத்தில் என் கடையில் கூட்டம் குறைந்துபோனது. சிஸ்டம் போடுவதை எல்லாரும் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்கள். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. மாசக்கணக்காக நான் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். மனைவியிடம் மகளின் பரீட்சை முடியட்டும் என்றேன், பிறகு மழை விடட்டும் என்றேன். ஆடி கழியட்டும் என்றவரை நான் கிண்டல் பண்ணியது அப்போது ஞாபகம் வந்தது.

அம்மா கடைக்கு வந்தார். "பயமா இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க. போயி சரிப்படலன்னா?"

அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "அந்தப் பேர்ப் பலகையைக் கழட்டிக் குடுங்க" என்றார்.

மறுநாள் அஞ்சலை ஆளோடு வந்து என் கடைப் பலகையை எடுத்துக்கொண்டு போனாள். சென்னைக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனபோது பார்த்தேன். பேப்பர் சுற்றி, வைக்கோல் வைத்து, இரண்டு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, சணல் கட்டி, பீரோ மேல் அந்த டிஸ்க்குக்குப் பக்கத்தில் நீளமாக இருந்தது. நான்கு பக்கமும் அதே கையெழுத்து: ஏத்தக் கூடாது. நான் எட்டி அதைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சாதாரணமாக இருந்தார்.

"போயிட்டு வாங்க கம்ப்யூட்டர்காரரே. வழி இங்க இருக்குது" என்றார்.

சென்னையில் முதல் வருஷம் பல நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றும். அப்போதெல்லாம் அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்வேன். வேண்டுமானால் நாளைக்கே போய் மாட்டிவிடலாம் என்று நினைப்பேன், அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவேன். இப்படியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பலகை இன்னும் அந்தப் பீரோ மேல் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.